பெயரைச் சொல்லாமல் பெயரைச் சொல்வது

கடலூரில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். கண்ணாடியில் வெட்டியிருந்த சிறிய வட்டத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், தன் பெயர், வயது, ஊர் மூன்றையும் தெளிவாகச் சொன்னார். அடுத்து "வீட்டுக்காரர் பேரு?" என்று உள்ளிருந்து கேள்வி வந்ததும் முகத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "திருவந்திபுரத்துல நிக்கிறாருல்ல, அவரு பேருதான்" என்றார். உள்ளே இருந்த இளைஞர் "பெருமாளா?" என்றார். "பெருமாளுதான். அந்த ஊருல அவருக்கு என்னா பேரு?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார். இளைஞர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், விழித்தார். வரிசையில் யாரோ "தேவநாதன்" என்று குரல் கொடுக்க, பாட்டி "ஆங், அதான்" என்று முடித்துக்கொண்டார். "பேரைச் சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்று இளைஞர் சலித்துக்கொண்டே எழுதினார். எனக்குப் பின்னால் நின்றவர், இந்தக் காலத்திலும் இப்படிப் பேச மாட்டாமல் இருக்கிறார்களே என்று வருத்தப்பட்டார்.

அந்த "பேச மாட்டாமல்" என்பதுதான் என் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பாட்டி பேசாமல் இருக்கவில்லை. கேட்டவருக்குத் தேவையான பெயரை, அதில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல், அவர் கொடுத்துவிட்டார். தவறான விடை வந்தபோது அதைப் பாதி ஏற்றுப் பாதி திருத்தினார். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரைத் தன் வாயால் அல்லாமல் வேறொருவர் வாயால் சபையில் ஒலிக்கச் செய்தார். இவ்வளவும் மொழியைக் கையாளும் திறமையே அன்றி வேறென்ன? நான் சிதம்பரத்தில் மொழியியல் படித்தவள். ஒலியன், உருபன், தொடர் என்று மொழியைப் பிரித்துப் பார்க்கக் கற்றிருக்கிறேன். அந்தப் பாட்டியின் பேச்சை அந்தக் கருவிகளால் பிரித்தால் வேற்றுமை உருபும் 'தான்' என்ற இடைச்சொல்லும் கிடைக்கும். அவர் என்ன செய்தார் என்பது கிடைக்காது. அதற்கு மானிடவியலாளர்கள் மொழியைப் பார்க்கும் முறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த முறையின் முதல் நிபந்தனை, பேச்சு நடக்கும் இடத்தில் தானும் இருப்பது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில், நியூ கினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியண்டு தீவுகளில் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியிலேயே பேசி வாழ்ந்தார். படகுப் பயணத்தைப் பற்றிய ஒரு சாதாரணக் கூற்றின் சொற்கள் அத்தனைக்கும் பொருள் தெரிந்த பிறகும், யார் யாரிடம் எதற்காக அதைச் சொல்கிறார் என்று தெரியாதவரை கூற்று விளங்காது என்பதை 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் விரித்து எழுதினார். பாட்டியின் பதிலுக்கும் இதே நிலைதான். திருவந்திபுரத்தையும், கணவர் பெயரை மனைவி சொல்லாத வழக்கத்தையும் அறியாத ஒருவருக்கு அது ஒரு கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடையாகவே தோன்றும்.

நீலகிரியில் கேட்ட கேள்வி

இந்தச் சிக்கல் நமக்குப் பக்கத்திலேயே, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆய்வாளரின் வேலையை மறித்திருக்கிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அவருடைய நூல் 1906இல் வெளிவந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் பெயர் பெயராகத் தொகுத்து, அதிலிருந்து மணவுறவு, சொத்து, சடங்கு எல்லாவற்றையும் படித்தறிவது அவருடைய முறை. 1898இல், ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில் அதை அவர் வெற்றிகரமாகச் செய்து பார்த்திருந்தார். தோடர்களிடம் வந்தபோது, இறந்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு குறுக்கே நின்றது. உயிரோடிருக்கும் சில உறவினரின் பெயருக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களை அக்குடும்பத்தாரிடம் கேட்டுப் பெற முடியாத நிலையில், அவற்றை மற்றவர்களிடமிருந்து பெற வேண்டியிருந்தது. ரிவர்ஸ் இதை முறையியல் இடையூறாகவே பெரிதும் கண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த இடையூறே ஒரு தரவு. யார் எந்தப் பெயரைச் சொல்லலாம், சொல்லக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருந்தால், அதுவே அவர் தேடிய உறவுமுறையின் இன்னொரு வரைபடமாக இருந்திருக்கும்.

நம் வீடுகளில் அந்த வரைபடம் இன்றும் இருக்கிறது. என் அண்ணனுக்கு எங்கள் அப்பாவுடைய அப்பாவின் பெயர். மாமனாரின் பெயரை மருமகள் எப்படிக் கூப்பிடுவார்? தாத்தா உயிரோடிருந்த வரையில் அம்மா அவனைப் "பெரிய தம்பி" என்றே அழைத்தார். அடிக்க ஓங்கும்போதும் பெரிய தம்பிதான். தாத்தாவின் நண்பர்கள் அந்தப் பெயரோடு யாரையாவது பற்றிப் பேசினால், அம்மா "அதே பேருக்காரரு" என்று சொல்லிப் பேச்சில் கலந்துகொள்வார். பள்ளி வாசலில், தாத்தாவும் ஆத்தாவும் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே அம்மா அவனை முழுப் பெயரிட்டுக் கூவி அழைத்ததை நானே கேட்டிருக்கிறேன். பெற்றோரைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து, "செல்வி அப்பா", "குமாரு அம்மா" என்று அழைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. எட்வர்ட் டைலர் 1889இலேயே அதற்கென ஒரு கலைச்சொல்லை உருவாக்கிவிட்டார். ஆனால் பெயர் வைத்துவிட்டதோடு அந்த ஆய்வு முடிந்துவிடவில்லை. ஒரே அம்மா, ஒரே பிள்ளை. ஓரிடத்தில் பெயர் வருகிறது, இன்னோரிடத்தில் வருவதில்லை. எது மாறுகிறது என்பதல்லவா கேள்வி?

வங்கியிலும் வீட்டிலும்

எனக்கு விடை கிடைத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மாவிடமிருந்து. கணவர் பெயரை ஏன் சொல்வதில்லை என்று முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சொல்லும் காரணம்தான் அது. அவருடைய கணவர் காலமான சில மாதங்களுக்குப் பின், குடும்ப ஓய்வூதியக் கணக்கை மாற்றுவதற்காக அவரோடு வங்கிக்குப் போனேன். அதிகாரி படிவத்தைப் பார்த்தபடி இறந்தவர் பெயரைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா தலைப்பெழுத்தோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார். குரல் தாழவில்லை, தயக்கமும் இல்லை. வாழ்நாள் முழுதும் சொல்லாத பெயர், காரணம் தீர்ந்துபோனதால் இப்போது வெளியே வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய நாத்தனார் ஊரிலிருந்து வந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பெரியம்மா நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அதிகாரி கேட்டதைச் சொன்னார், தான் பதில் கொடுத்ததையும் சொன்னார். பெயர் வர வேண்டிய இடத்தில் "எங்க ஊட்டுக்காரரு பேரச் சொன்னேன்" என்று சொல்லித் தாண்டிப் போனார். நாத்தனார் காபி குடித்து உள்ளே போன பிறகு, "பேங்க்ல சொன்னீங்களே பெரியம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு சிறுபிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அங்க யாரு இருந்தா? ஆபீசரு இருந்தாரு, நீ இருந்த. இங்க அவரு அக்கா உக்காந்திருக்காங்க. அவங்க எதுருல எப்படி வரும்?" என்றார்.

ஆயுள் குறையும் என்பதுதான் காரணமென்றால், ஆயுள் முடிந்த பிறகு நாத்தனாருக்கு முன்னால் அந்தக் காரணத்துக்கு வேலையில்லை. பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவர் கேட்டு வளர்ந்த விளக்கத்தை எனக்குத் தந்தார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றிய கையேட்டுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் இதைப் பற்றித்தான் பேசுகிறார். வழக்கங்களுக்கு மக்கள் தரும் காரணங்கள் பெரும்பாலும் வழக்கம் நிலைபெற்ற பிறகு அதன்மேல் ஏற்றப்பட்டவை என்கிறார். உணவு மேசையில் கத்தியை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு உதடு வெட்டுப்படும் என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் அதே அளவுக்குக் குத்தக்கூடிய கூர்மையான முள்கரண்டியை வாய்க்குள் விடுகிறார்கள் என்று எடுத்துக்காட்டும் தருகிறார். மொழியின் இலக்கணமோ இப்படி விளக்கங்களுக்கு ஆளாவதில்லை. பேசுபவரின் கவனத்துக்கே வராமல் அது இயங்குகிறது, ஆகவே பண்பாட்டைப் படிக்க மொழி ஒரு தெளிவான வாயில் என்பது அவருடைய வாதம். பெயர் தவிர்த்தல் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது என்று நான் எண்ணுகிறேன். "ஏன்?" என்று கேட்டால் உடனே ஒரு காரணம் வருகிறது, ஆனால் யார் எதிரில், எந்த உறவுக்குள், எவ்வளவு தூரத்தில் என்ற நுட்பமான விதிகள் எவர் வாயிலும் காரணமாக வருவதில்லை. அவை நடக்கும்போது மட்டுமே தெரிகின்றன. வங்கிக்கும் திண்ணைக்கும் இரண்டுக்கும் நான் போகாமல் இருந்திருந்தால், ஆயுள் நம்பிக்கை என்று குறிப்பேட்டில் எழுதி முடித்திருப்பேன்.

மொழியையும் மானிடவியலையும் சேர்த்து ஆய்ந்த டெல் ஹைம்ஸ் 1960களில் தொடங்கி வற்புறுத்தி வந்தது இதைத்தான். இலக்கணப் பிழையில்லாத தொடரை அமைக்கத் தெரிவது மட்டும் மொழித்திறன் ஆகாது. எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, யாரிடம் எதை எந்த முறையில் பேசுவது என்பதும் சேர்ந்ததே மொழித்திறன் என்றார். அமெரிக்காவின் அரிசோனாவில் சிபெக்யூ என்ற ஊரில் மேற்கு அப்பாச்சிப் பழங்குடியினரோடு இருந்து ஆய்ந்த கீத் பாஸோ, அவர்கள் வாய்மூடி இருக்கும் சூழல்களை ஒவ்வொன்றாகப் பதிந்து 1970இல் வெளியிட்டார். முன்பின் அறியாதவரைச் சந்திக்கும்போது, காதலிக்கத் தொடங்கும் நாட்களில், வெளியூரில் படித்துவிட்டு நெடுநாள் கழித்துத் திரும்பிய பிள்ளையைப் பெற்றோர் எதிர்கொள்ளும்போது, துக்கத்தில் இருப்பவரோடு இருக்கும்போது. எதிரில் இருப்பவரோடு தனக்குள்ள உறவு என்ன நிலையில் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாத நேரங்கள் இவை என்பது அவர் கண்ட பொதுத்தன்மை. நம் பெயர் தவிர்ப்போ நேர்மாறாக, உறவு மிக உறுதியாக வரையறுக்கப்பட்ட இடத்தில் நிகழ்கிறது. மௌனத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் இல்லை.

தவிர்த்தல் மொழியை என்ன செய்கிறது

காது எட்டும் தூரம் என்ற விதியை மிகத் துலக்கமாகக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்தில் வாழும் ஜிர்பல் மக்கள். அவர்களிடையே 1963 முதல் ஆய்வு செய்த ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன், அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு சொற்களஞ்சியங்கள் இருந்ததைப் பதிவு செய்தார். மாமியார், மருமகன் போன்ற குறிப்பிட்ட உறவினரின் காதில் விழும் தூரத்தில் பேசும்போது, அன்றாடச் சொற்களை ஏறத்தாழ முழுதுமாக விட்டுவிட்டு வேறு சொற்களைக் கொண்டு பேச வேண்டும். ஒலியமைப்பு அதேதான், இலக்கணமும் ஏறத்தாழ அதேதான். சொற்கள் மட்டும் வேறு. அன்றாடப் பேச்சில் பல சொற்கள் இருக்கும் இடத்தில் இந்த வழக்கில் ஒரே பொதுச்சொல் நிற்கும். டிக்ஸன் அங்கே போவதற்கு முன்பே இது அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. முதியவர்களின் நினைவிலிருந்தே திரட்டினார். எங்கள் பெரியம்மாவின் "அவங்க எதுருல எப்படி வரும்?" என்ற கேள்வியை ஜிர்பல் முதியவர் யாரும் விளக்கமில்லாமலே புரிந்துகொண்டிருப்பார்.

தென்னாப்பிரிக்காவில் இது மொழியின் ஒலிக்குள்ளேயே போயிருக்கிறது. கோசா, ஜூலு முதலான மொழிகளைப் பேசும் சமூகங்களில், மணமான பெண் மாமனார் முதலிய புகுந்த வீட்டாரின் பெயரைச் சொல்லக் கூடாது; அந்தப் பெயரில் உள்ள அசை வரும் மற்றச் சொற்களையும் தவிர்க்க வேண்டும். ஹ்லோனிபா என்று அந்த வழக்கத்துக்குப் பெயர். தவிர்த்த சொல்லுக்கு மாற்றாக அவர்கள் பக்கத்தில் இருந்த கொய், சான் மக்களின் மொழிகளில் வரும், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒலிகள் பின்னர் எல்லோருடைய பேச்சிலும் நிலைத்து, இன்று அம்மொழிகளின் அடையாளமாகவே ஆகிவிட்டன என்று ஜூடித் இர்வினும் சூசன் காலும் விளக்குகிறார்கள். மருமகள்களின் வாயில் வராத சொற்கள் ஒரு மொழிக் குடும்பத்தின் மெய்யெழுத்து வரிசையையே மாற்றியிருக்கின்றன என்றால், சொல்லாமல் விடுவதை மொழிக்கு வெளியே வைத்து எப்படி ஆராய முடியும்?

இதை எழுதும்போது ஒன்றையும் மறைக்க நான் விரும்பவில்லை. இந்த நுட்பத்தின் சுமை முழுதும் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. கணவர் மனைவியைப் பெயர் சொல்லியோ "அடியே" என்றோ கூப்பிடுகிறார். மனைவி "ஏங்க" என்கிறார். ஒருவர் "வா" எனவும் மற்றவர் "வாங்க" எனவும் பேசும்போது அது அதிகாரத்தைக் காட்டுகிறது, இருவரும் ஒன்றே பேசும்போது நெருக்கத்தையோ விலகலையோ காட்டுகிறது என்று பிரவுனும் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளை வைத்து எழுதினார்கள். ஸ்டீபன் லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, எந்தச் சாதியார் எவரை எப்படி விளிக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தார். பணிவு மொழி பற்றி அவரும் பெனிலோப் பிரவுனும் உருவாக்கிய, உலகெங்கும் படிக்கப்படும் கோட்பாட்டுக்கு நம் தமிழும் ஓர் அடிப்படை. அந்த ஏற்றத்தாழ்வைப் பண்பாடு என்று சொல்லி அழகுபடுத்துவது எனக்கு உடன்பாடில்லை. பெயரைச் சொன்னதற்காக அடி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அதே சமயம், அடிமைத்தனம் என்று ஒரு சொல்லில் மூடிவிட்டால், அந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டே அவர்கள் உருவாக்கிய பேச்சுத்திறன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதுதான் கடினம், அதுதான் வேண்டும்.

என் தலைமுறையில் விதி மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நெல்லிக்குப்பத்தில் மாமியார் வீட்டுக்குள் நுழைந்ததும் "அவர்" வந்துவிடுகிறது. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கைப்பேசியில் கணவர் அழைத்தால், "சொல்லுங்க" என்று தொடங்குகிறேன். அதைக் கேட்டதுமே அவர் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்கிறார். இதற்காக நாங்கள் ஒருபோதும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

எப்படிக் கேட்பது

மருத்துவமனையும் வங்கியும் நியாயவிலைக் கடையும் கேட்கும் "தந்தை அல்லது கணவர் பெயர்" என்ற கேள்வி, ஓர் ஆளை ஒரு பெயராலும் ஒரு ஆணின் வழியாகவும் அடையாளம் காண்பது. புதுச்சேரிக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையின்படி, இந்தியர்கள் தங்கள் மரபு வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர முடிந்தது. வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். தலைப்பெழுத்தும் ஒற்றைப் பெயருமாக இருந்த மக்களுக்குள் இப்படி வழிவழியாக வரும் குடும்பப் பெயர் நுழைந்தது. அரசின் பதிவேட்டுக்குப் பெயர் என்பது எவரும் எவரிடமும் சொல்லக்கூடிய, மாறாத ஒரு குறி. வீட்டுக்குப் பெயர் என்பது யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் இவ்விரண்டும் மோதுகின்றன. அதுவும் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி. அந்த வரிசையில் உறவுக்காரர் ஒருவர் இருந்தால்கூடப் போதும், வங்கியில் எளிதாக வந்த பெயர் அங்கே வராது.

கேட்பதும் ஒரு பேச்சு முறை, அதற்கும் ஊருக்கு ஊர் விதிகள் உண்டு என்பதை ஆய்வாளர்களுக்கு உணர்த்தியவர் சார்லஸ் பிரிக்ஸ். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கோர்டோவா என்ற ஊரில் மரச்சிற்பம் செய்யும் முதியவர்களிடம் அவர் கேள்விகளை அடுக்கியபோது உருப்படியான பதில் வரவில்லை. இளையவர் முதியவரைக் கேள்வி கேட்பது அங்கே அறிவைப் பெறும் வழியாகவே இல்லை. கூட உட்கார்ந்து செதுக்கிப் பழகப் பழகத்தான் பேச்சு வந்தது. 1986இல் வெளியான அவருடைய நூல் நேர்காணலையே ஆய்வுக்கு உட்படுத்தியது. பதில் வராதபோது பதில் சொல்பவரிடம் குறை தேடுவதை விட்டுவிட்டு, கேள்வி அந்த ஊரில் எப்படிப்பட்ட செயலாக இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. மொழித் தரவு என்று இன்று மணிக்கணக்கில் பேச்சைப் பதிவு செய்பவர்களும், பேசியவரின் வயதையும் ஊரையும் குறிப்பதோடு நிறுத்தாமல், பதிவின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் மானிடவியல் படித்தவர் அல்லர். புதிதாக வந்த கர்ப்பிணிப் பெண்ணின் பதிவேட்டை நிரப்பும்போது அவர் கணவர் பெயரை அந்தப் பெண்ணிடம் கேட்பதில்லை. மாமியாரிடம் "உங்க பையன் பேரு சொல்லுங்கம்மா" என்கிறார். மாமியாரின் பெயரை மருமகளிடம் கேட்காமல் வாசலில் விளையாடும் பேரப்பிள்ளையிடம் கேட்கிறார். வீட்டில் யாருமே இல்லையென்றால் எதிர்வீட்டை நோக்கிக் குரல் கொடுக்கிறார். அவருடைய பேரேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.